நாகம்மாள் பதினேழு முறை விழுந்த நாள்

மிஷின் வந்த பிறகு விடிந்த முதல் நாளில் நாகம்மாள் பதினேழு முறை விழுந்தாள். காலையில் பல் துலக்கும்போது மூன்று முறை, மீன் ஆயும்போது நான்கு முறை, சாப்பிடும்போது ஒரு முறை, வெற்றிலை போடும்போது இரண்டு முறை, மிச்சமெல்லாம் சும்மா இருக்கும்போது. இத்தனைக்கும் அவள் அன்றைக்குத் தரையை விட்டு ஓர் அங்குலம்கூட மேலே எழவில்லை. எழாதவள் எப்படி விழுவாள் என்று அந்த மிஷினைச் செய்தவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் எனக்கு எழுதுகிற வேலை மிச்சம்.

நாகம்மாளுக்கு அறுபத்தாறு வயது. என் வீட்டுக்கு அடுத்த வீடு. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து கைதான் கால். இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வாள். இடுப்புக்குக் கீழே லாரி டயரில் வெட்டிய ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாள். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, முன்னால் வைத்து, மறுபடி ஊன்றி, எங்கள் குப்பத்தின் மணலில் அவள் போகிற வேகத்துக்கு நான் ஓடித்தான் ஈடுகொடுக்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது. மணலில் அது நகராது. அதில் ஒரு கோழி அடை காக்கிறது. அந்தக் கோழிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்துவிட்டது என்று நான்கூட ஊரில் சொல்லி வைத்தேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் இறங்கிவிட்டால் கதையே வேறு. எங்கள் பக்கத்தில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் எல்லாருமே தண்ணீரில் உட்கார்ந்துதான் பிடிப்பார்கள். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி நகர வேண்டும். கால் உள்ளவர்களுக்கு அங்கே கால் ஒரு தொந்தரவு. நாகம்மாளுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. ஐந்து வயதில் அவளுடைய நைனா அவளைத் தோளில் தூக்கிப் போய்த் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு, "தோ, இங்க எல்லாரும் உன்ன மாதிரிதான்" என்றாராம். அவளிடம் பிடிபட்டால் வலிக்காது என்று தெரிந்துகொண்டு இறால்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போடாத வயதில் பார்த்தது, சந்தேகப்பட வேண்டாம்.

புருஷன் போனபோது மகன் தேவதாஸுக்கு நான்கு வயது. அந்த இறாலிலேயே அவனை டிப்ளமோ வரைக்கும் கொண்டுபோனாள். இப்போது அவன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாலாவது மாடியில் வீடு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

போன கார்த்திகையில் நாகம்மாளுக்குக் கடும் காய்ச்சல். ஒன்றரை நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். நான் பொன்னேரியில் என் மகள் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டு ராஜாத்தி குடும்பத்தோடு திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து, வெளியே பூட்டாத வீடு திறக்காமலே இருக்கிறதே என்று கதவை உடைத்துத்தான் பார்த்தாள். தேவதாஸ் ஓடி வந்து அழுதான். அது நிஜமான அழுகை. அதைக் கேலி செய்ய எனக்கே வாய் வராது.

"யம்மா, நீ பாட்டுக்குத் தனியா கெடந்து செத்துப் போனா நான் இன்னா பண்ணுவேன்?"

"செத்தப்புறம் நீ இன்னா பண்ணா எனக்கு இன்னாடா?"

"இந்தப் பேச்சுதான் வேணாங்கறேன். ஒரு மிஷின் வாங்கி மாட்டறேன். ஒரு மாசம் பாப்போம். நீ பத்திரமா இருக்கேன்னு அது சொல்லிச்சின்னா, இரு. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு அம்பத்தூர் வந்துடணும். ஏரி கீரின்னு பேசக் கூடாது."

நாகம்மாள், "நாலாவது மாடில சேறு ஏது?" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் மிஷின் வந்துவிட்டது.

மிஷினின் பெயர் துணை. கூரையில் ஒட்டிய வெள்ளைத் தட்டு ஒன்று. அது அறையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சுவரில் பேசுகிற டப்பா ஒன்று. வாசலில் சைரன் மாதிரி சங்கு ஒன்று. ஆள் கீழே விழுந்தால் டப்பா கேட்கும், சங்கு ஊதும், தேவதாஸுக்கும் எனக்கும் ராஜாத்திக்கும் போன் அடிக்கும். தினமும் சாயங்காலம் தேவதாஸுக்கு அறிக்கை போகும். மாட்ட வந்தவன் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினான், இறங்கினான், கைதட்டிக் காட்டினான், போய்விட்டான். வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

மறுநாள் காலை அவள் வாசற்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். டப்பா செய்தி வாசிக்கிற குரலில் கேட்டது:

"நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்."

நாகம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "யாருப்பா அது?"

"மன்னிக்கவும். புரியவில்லை. நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா?"

"அய்ய, ஒக்காந்துகினு கீறேன்பா."

"மன்னிக்கவும். புரியவில்லை. நீங்கள் கீழே..."

"ஆமா! வியுந்துதான் கெடக்கேன்! வந்து தூக்கு!"

"ஆம். உதவி அழைக்கப்படுகிறது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் "ஆமா" என்று நீட்டி ஒருத்தர் சொன்னால் பத்துக்கு எட்டு முறை "இல்லை" என்றுதான் அர்த்தம். "ஆமா, இவரு பெரிய கலெக்டரு." "ஆமா, நீ கூப்ட்டவொடனே வந்துட்டாலும்." இது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அம்பது வார்த்தை தமிழ் கற்றுக்கொண்டு வந்த டப்பாவுக்குத் தெரியவில்லை.

சங்கு ஊதியது. என்ன சத்தம் என்கிறீர்கள்! ஆந்திர எல்லையோரம் சுண்ணாம்புக்குளத்தில் கட்டியிருந்த எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஆந்திராவுக்குள் ஓடிப்போனது. இன்று வரை தெலுங்கில்தான் கத்துகிறதாம். ராஜாத்தி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். நான் ஒரு கால் செருப்போடு ஓடினேன். ராஜாத்தியின் புருஷன் முனியன் வலை பின்னிக்கொண்டிருந்தவன் வலையைக் காலில் சுற்றிக்கொண்டே வந்து வாசலில் உண்மையாகவே விழுந்தான். வாசலில் விழுவது அந்தத் தட்டுக்குத் தெரியாது.

"இன்னாக்கா ஆச்சி?" என்றாள் ராஜாத்தி.

"ஒக்காந்தேன்."

"எங்க?"

"இங்கதான். அறுவத்திமூணு வருசமா."

அந்த மிஷினின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், நாகம்மாள் மூன்று வயதில் விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டது, பிள்ளை பெற்றது, பிள்ளையை வளர்த்தது எல்லாம் விழுந்து கிடந்தபடியே செய்தது. உதவிக்கு இன்னும் ஆள் வந்து சேரவில்லை.

முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினோம். இரண்டாம் வாரம் நடந்தோம். சங்கை நிறுத்துகிற பித்தான் சுவரில் தலை உயரத்தில் இருந்ததால் யாராவது போய் அமுக்கியே ஆக வேண்டும். ராஜாத்தி கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போவதும், திரும்பி வந்து ஏற்றுவதும், மறுபடி இறக்குவதுமாக இருந்தாள். "அக்கா, நீ கொஞ்ச நேரம் கட்டில்ல ஏறி ஒக்காரேன்" என்று கெஞ்சினாள்.

சரியென்று நாகம்மாள் ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஏரிக்குப் போகவில்லை. சமைக்கவில்லை, அடுப்பு தரையில் இருக்கிறது. நான் கொடுத்த சோற்றைக் கட்டிலிலேயே சாப்பிட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கு டப்பா வாய் திறந்தது: "நீங்கள் நீண்ட நேரமாக அசையவில்லை. நலமாக இருக்கிறீர்களா?"

நாகம்மாள் என்ன சொன்னாள் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. கட்டிலிலிருந்து கையை ஊன்றிக் கீழே இறங்கினாள். உடனே சங்கு.

தேவதாஸ் எனக்குப் போன் செய்தான். அவனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தது நான்தான். குப்பத்தில் எல்லாருக்கும் நான் டீச்சர்.

"டீச்சர், நேத்து மட்டும் பதினொன்னு."

"டேய், உங்கம்மா எப்படிப் போவாங்க வருவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் இன்னா?"

"தெரியுது டீச்சர். ஆனா கிராஃபு ஏறிகினே போவுதே! சிவப்புக் கலர்ல காட்டுது. ஆபீஸ்ல வேலைய வுட்டுட்டு அதயேதான் பாத்துகினு இருக்கேன். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வண்டி புடிச்சினு வரேன். அம்மாவ மூட்ட கட்டி வெக்கச் சொல்லுங்க."

மூன்றாம் வகுப்பிலும் அவன் இப்படித்தான். கண் முன்னால் ஏழு மாங்காய் இருக்கும். விடைத்தாளில் ஒன்பது என்று எழுதியிருந்தால் ஒன்பதைத்தான் நம்புவான்.

நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்தினேன், மூன்றை அழுத்தினேன், பாட்டுக் கேட்டேன், மறுபடி ஒன்றை அழுத்தினேன். நான்காம் நாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பெயர் அஃப்ஸானா. பழவேற்காட்டுப் பெண்தான், பொன்னேரியில் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் நாகம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உடனே டப்பா, "நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா?" என்றது. அவளுக்கு வந்த வேலை என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதுல மூணு மாதிரிதான் இருக்கு பெரிம்மா. நிக்கிறவங்க, சக்கர நாற்காலில இருக்கிறவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க."

"ஒக்காந்துகினு இருக்கறவங்க?" என்றாள் நாகம்மாள்.

"நாற்காலிலயா?"

"தரையிலம்மே."

"தரையில இருந்தா அது விழுந்தவங்கன்னுதான்..." அவளே பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இத செஞ்சவன் ஒரு வேளகூட தரையில ஒக்காந்து சோறு துன்னதில்லையா?"

அஃப்ஸானா இன்னும் எதையோ தட்டித் தேடினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. சொல்லத்தான் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

"சொல்லு. இதுக்கு மேல இன்னா பேஜாரு வரப் போவுது?"

"வீட்ல பிராணி வளக்கிறவங்களுக்குன்னு ஒன்னு இருக்கு. அதப் போட்டா, ரெண்டரை அடிக்குக் கீழ எது நடமாடுனாலும் தட்டு கண்டுக்காது. பூனைன்னா எட்டு கிலோ வரைக்கும்தான். உங்களுக்குப் பெரிய நாய்னு போடணும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இன்னாம்மா பேசற நீ? மனுசிய நாயின்னா எழுதுவாங்க?"

நாகம்மாள் என் கையைத் தட்டினாள். "டீச்சர்க்கா, சும்மாரு. வியுந்தவன்னு எயுதறதுக்கு இது எவ்ளோவோ தேவல. நாயி எங்க வேணா போவும், எப்ப வேணா வரும், எவனும் கேள்வி கேக்க மாட்டான். போடும்மே."

"பேரு கேக்குது பெரிம்மா."

"ராணி."

அன்று சாயங்காலம் குப்பமே அமைதியாக இருந்தது. ராஜாத்தி ஒரே கொதியில் குழம்பு வைத்து இறக்கினாள். தேவதாஸிடம் இதைச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். "சொன்னா மாத்திடுவான். கிராஃபு எறங்கட்டும், மொதல்ல" என்றாள் நாகம்மாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அதில் ஒரு குஷி.

கிராஃபு இறங்கத்தான் செய்தது. ஒரேயடியாகத் தரைக்கு இறங்கியது. மறுநாள் காலையில் அவனுக்குப் போன அவசரச் செய்தி இது: "கடந்த பன்னிரண்டு மணி நேரமாக வீட்டில் மனித நடமாட்டம் இல்லை. ராணி நலமாக இருக்கிறது."

பாவம், அவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் போன் போட்டான். அது அலமாரிக்குள் அடித்தது, அவள் ஏரியில் இருந்தாள். எனக்குப் போட்டான், நான் சார்ஜ் போட மறந்திருந்தேன். ராஜாத்தி மிஷின் தொல்லை தாங்காமல் போனை அணைத்து வைத்திருந்தாள். ஆபீஸ் உடுப்போடு அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் நுழைந்தான். அம்பத்தூரிலிருந்து வந்த வேகத்தில் அவனுடைய நிழல் பின்தங்கி, பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு, "யம்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். ஏரிக்குப் போவதற்கு முன் நாகம்மாள் முந்தின நாள் இறாலைக் கழுவி வைத்திருந்தாள். தரையெல்லாம் அந்தக் கொழகொழத்த தண்ணீர். அவன் காலில் ஆபீஸ் ஷூ. வலது கணுக்கால் மடங்க, ஆள் மல்லாந்தான். போன் சட்டைப் பையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது.

மாதம் முழுக்க அந்தத் தட்டு எதற்காகக் காத்திருந்ததோ அது நடந்துவிட்டது. நின்றுகொண்டிருந்த மனுஷன் ஒருத்தன், சரியாக, முறைப்படி, விழுந்திருக்கிறான்.

"நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா?"

"ஆமாம்! ஆமாம்!"

"ஆம். உதவி அழைக்கப்படுகிறது."

கட்டிலுக்கடியில் போன் அடித்தது. அடித்தவுடன் தானாகவே எடுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி அவனே அமைத்து வைத்திருந்தான். "உங்கள் தாயார் கீழே விழுந்துவிட்டார்" என்று அது அவனுக்குச் சொன்னது. சங்கு ஊதத் தொடங்கியது.

ஒருவரும் போகவில்லை.

ராஜாத்தி, "அது கெடக்கு வுடு" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அஃப்ஸானா மாற்றி வைத்தது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். நாற்பது நிமிடம். இதை எழுதும்போது கை கூசுகிறது. இந்த இடத்தில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நாகம்மாள் பறியோடு வந்து சேர்ந்தாள். ஈரப் புடவை. வாசலில் பைக். உள்ளே மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு, சங்குக்கு மேலே கத்திக்கொண்டிருக்கிறான்.

"எங்கம்மா போன? வீட்ல யாருமே இல்லன்னு வந்துச்சே!"

"நான் இருந்தேனே!"

"ராணின்னு ஒரு நாயிதான் இருக்குன்னு போட்டிருந்துச்சு. எப்ப நாய் வாங்கின நீ?"

"அது நான்தான்டா."

நாகம்மாள் மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து, குறி பார்த்து, தலை உயரத்தில், அதுவரை ஒரு முறையும் கழிக்குச் சிக்காத பித்தானை ஒரே குத்தில் அமுக்கினாள். சங்கு நின்றது. திடீரென்று சத்தம் நின்றதால்தான் எனக்கு உறைத்தது. யார் போய் அமுக்கினார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அதே கழியால் அவள் மின்விசிறியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே கழியின் நுனியில் வளைத்திருந்த கம்பியால் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்து அவனிடம் எறிந்தாள்.

"தொட. மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது."

தேவதாஸ் துண்டை வாங்காமல் கழியையே பார்த்தான். "எப்போலருந்து இப்படி?"

"நீ இருந்த வரைக்கும் நீ போட்டுகினு இருந்த. நீ போனப்புறம் கயி போடுது."

தரையில் உட்கார்ந்தபடி அவன் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தான். சுனாமிக்குப் பிறகு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. சுவிட்சு பலகை அவன் தலைக்கு இரண்டடி மேலே. கதவை உள்ளே தாழிடுகிற கொண்டி அதற்கும் மேலே. குழாய் எட்டாது. அலமாரியின் மேல்தட்டு எட்டாது. அந்த வீட்டில் பிறகு மாட்டிய ஒரே பொருள் மிஷின். அதையும் கூரையில் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள்.

எலும்பில் கீறல். பொன்னேரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். அம்பத்தூர் மாடிக்கு அவனால் போக முடியாது, லிஃப்ட் ரிப்பேர். அதனால் அம்மாவை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமையன்று அவன் அம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நகரப் பழகிக்கொண்டிருந்தான். நாலு நகர்த்தலுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினான்.

"இடுப்பத் தூக்குடா. இயுக்காத. தோல் உரிஞ்சிடும்."

"தூக்கறேன்மா."

"ஆமா, தூக்கின."

ஆனால் அவன் பிடிவாதம் இறங்கவில்லை. அன்று மாலையே, நானும் ராஜாத்தியும் இருக்கும்போது ஆரம்பித்தான். "எல்லாம் சரி. நான் வியுந்தப்ப நாப்பது நிமிசம் ஒருத்தரும் வரல. இத்தன பேரு இருக்கீங்க. எனக்கே இப்படின்னா, நாளைக்கு இவங்களுக்கு ஒன்னுன்னா? யார நம்பி வுட்டுட்டுப் போறது நான்?"

ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாற்பது வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாகம்மாள்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு ஜொரத்துல நான் ஏன் ஒன்றர நாள் கெடந்தேன்னு உங்கள்ல எவனாவது கேட்டீங்களா?"

கதவைக் கையால் காட்டினாள்.

"நெனவு இருந்துச்சு எனக்கு. கதவுக்குப் பக்கத்துலயே வந்துட்டேன். கொண்டி மேல இருந்துச்சு. கயியத் தூக்கக் கையில தெம்பு இல்ல. ரெண்டு வாட்டி தூக்கினேன், மூஞ்சி மேல வியுந்துச்சு. அப்புறம் கதவுக்கு இந்தப் பக்கமே படுத்துகினு இருந்தேன். ரெண்டடி கீய இருந்திருந்தா தொறந்திருப்பேன்டா. நீ கூரையில மிஷின மாட்டற."

தேவதாஸ் கதவைப் பார்த்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை உயர்த்திப் பார்த்தான். கொண்டிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் இரண்டு அடிக்கு மேல் இருந்தது. கையை இறக்கவே அவனுக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் ஒரு சாக்பீஸ் கேட்டு எனக்கு ஆள் அனுப்பினான். அம்மாவைச் சுவரோரம் உட்கார வைத்து, கை சுலபமாக எட்டுகிற இடத்திலெல்லாம் கோடு போட்டான். உடம்பு முடியாதபோது எட்டுகிற இடம் எது என்று தனியாகக் கேட்டு, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டான். பழவேற்காட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் டேவிட் வந்தான். அவன் ஒரு பக்கம் புலம்பினான்.

"இவ்ளோ கீய சுவிட்சு வெச்சா, வெள்ளம் வந்தா ஷாக் அடிக்கும்மா."

"வெள்ளம் வந்தா நான் நீந்திகினு போய்டுவேன். நீ உன் ஒயரப் பாரு."

கடைசியில் ஏரித்தண்ணீர் ஏறினால் தானே மின்சாரத்தை வெட்டுகிற ஒன்றையும் சேர்த்து மாட்டிக் கொடுத்தான். சுவிட்சு இறங்கியது. குழாய் இறங்கியது. கதவுக்குக் கொண்டி தரையிலிருந்து ஒரு முழத்தில் வந்தது. நான் அந்த வீட்டுக்குப் போனால் இப்போது குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. கட்டிலோரம் ஒரு பித்தான் வைத்தார்கள். அமுக்கினால் என் வீட்டிலும் ராஜாத்தி வீட்டிலும் சாதாரண அழைப்பு மணி அடிக்கும். விழுந்தாயா என்றெல்லாம் அது கேட்காது. அவளாக அமுக்கினால்தான் அடிக்கும். மாட்டிய நாளிலிருந்து இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் நாங்கள் பறந்தோம். ஒரு முறை நெஞ்சு எரிச்சல், ஒரு முறை குழம்புக்குப் புளி.

மிஷினை அஃப்ஸானா வந்து கழற்றிக்கொண்டு போனாள். தரையில் வாழ்கிறவர்களுக்கு என்று ஒரு வகை சேர்க்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறாளாம். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கம்பெனியில் அவள் ரொம்ப நாள் இருப்பாள் என்று தோன்றவில்லை.

கட்டுப் பிரித்த அன்று தேவதாஸ் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அம்பத்தூரைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறான் என்று நாகம்மாள் காத்திருந்தாள். அவளுடைய கை டயர்த் துண்டின் கயிற்றையே முறுக்கிக்கொண்டிருந்தது.

"இங்கியே இரும்மா" என்றான்.

"நான் எங்கடா போறேன்னேன்?" என்றாள். ஆனால் கயிற்றை விட்டுவிட்டாள்.

"ஒன்னே ஒன்னு. தண்ணில எறங்கறதுக்கு முன்ன ஒரு போனு, ஏறினப்புறம் ஒரு போனு. நீயே பண்ணணும்."

"அய்ய, இது வேறயா!" என்று அலுத்துக்கொண்டாள், ஒப்புக்கொண்டாள்.

முதல் திங்கட்கிழமை இறங்கும்போது பேசியாகிவிட்டது. ஏறி வந்து போட்டாள், அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பதினொரு முறை போட்டாள். என் போனிலிருந்து போடச் சொன்னாள், முனியன் போனிலிருந்து போடச் சொன்னாள். ஈரப் புடவையோடு என் வாசலில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றாள். பறியில் இறால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆபீஸில் வேலையாக இருப்பான் என்று நான் சொன்னதற்கு, "ஆமா, வேல" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். நாலடி தள்ளி இருந்த எனக்கே கேட்டது.

"மீட்டிங்ல இருந்தேன்மா."

"மீட்டிங்ல வழுக்கி வியுந்தா யாருடா பாப்பாங்க?" என்றாள் நாகம்மாள்.